சூசை சொன்னது

தலையணைக்கு அடியில் போன் மறுபடியும் அதிர்ந்தது. புருஷன் தானியேலின் காலைத் துடைத்துக்கொண்டிருந்த பாக்கியமேரி, ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள். அவன் தலையை ஒரு கையால் தூக்கி இன்னொரு கையால் போனை உருவினாள். ஏதோ ஒரு பெயர் இங்கிலீஷில் மின்னியது. அவளுக்குத் தமிழ் படிக்க வரும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. திரை இருண்டு போகும்வரை சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"யாரு?" என்றான் தானியேல்.

"யாரோ."

"ராஜாராமா இருக்கும். மஸ்கட்டு. இன்னியோட தொண்ணூறு நாளு ஆவுது அவன் குடிய உட்டு. ஒரு வார்த்த பேசிடறேன், குடு."

"பேச மூச்சு கீதா உனுக்கு? படு."

போனை அடுப்பங்கரைக்கு எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். திரும்பி வந்து மறு காலைத் துடைத்தாள். கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் பள்ளம் விழுந்தது. வயிறு நிறைமாதக்காரியின் வயிறு போல் மேடிட்டிருந்தது. கண் மஞ்சள். கல்லீரல் முழுக்கப் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிப் பத்து நாளாகியிருந்தது. இந்தப் பத்து நாளும் அவள் எதிலும் குறை வைக்கவில்லை. நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்கு மாத்திரை, தினமும் சலவைத் துணி. பெருநகர் காலனியில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

பெருநகர் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது தானியேலின் வேலை. குடியை விட்டு ஏழு வருஷமாகிறது. விட்ட பிறகும் பக்கத்தில் அதைப்பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவனை, மூன்று வருஷத்துக்கு முன்பு மகள் ஏஞ்சல்தான் உத்திரமேரூர் பஜாருக்கு அழைத்துப்போய் வஹாப்பின் பிரவுசிங் சென்டரில் உட்காரவைத்தாள். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் இன்டர்நெட்டில் கூடுகிற ஒரு தமிழ்க் குழு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவார்கள். தானியேல் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகினான். ஒரே வருஷத்தில் அவனையே பொறுப்பாளராக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, சேவை. ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குக் கூட்டத்தைத் திறப்பது, ஒவ்வொருவராகப் பேச அழைப்பது, புதிதாக வந்தவர்களைத் தனியாக விசாரிப்பது, இரண்டு வாரம் ஆள் வராவிட்டால் போன் போட்டுத் தேடுவது. மலேசியா, துபாய், பம்பாய், தாம்பரம் என்று எங்கெங்கோ இருப்பவர்களுக்கு அவன் 'தானியேல் அண்ணன்' ஆகிவிட்டான்.

யார் யாரோ கூப்பிடுவார்கள். கை நடுங்குகிறது என்பார்கள், கடை வாசலில் நிற்கிறேன் என்பார்கள். தானியேல் வேப்பமரத்தடிக்குப் போய் நின்று மெதுவான குரலில் பேசுவான்.

"ஒரே ஒரு மணி நேரம் தம்பி. இந்த ஒரு மணி நேரம் மட்டும் குடிக்காம இரு. நான் லைன்லயே கீறேன்."

சமைத்துக்கொண்டே பாக்கியமேரி அதைக் கேட்பாள். முகம் தெரியாதவனுக்கெல்லாம் கொடுக்க இவனிடம் ஒரு மணி நேரம் இருந்தது. சூசைக்குக் கொடுக்கத்தான் இல்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஜூலை மாதம். மகன் சூசைக்கு மூன்று வயது, ஏஞ்சலுக்கு ஐந்து. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த சூசைக்கு மத்தியானம் இழுப்பு வந்தது. உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, பிறகு துவண்டு போனான். பெரிய தெருவில் கார் வைத்திருப்பவரைக் கூட்டிவரத் தானியேலைச் சைக்கிளில் அனுப்பினாள். போய்வரக் கால்மணி நேரம் ஆகிற தூரம். அவன் ஏரிக்கரை வழியாகப் போனான். அங்கே கருவேலம் புதருக்குப் பின்னால் சாராயம் விற்றார்கள். அவனைக் காணாமல் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அவளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினாள். ஏறி நாலாவது ஸ்டாப்பிங்கில் தோள்மேல் இருந்த கனம் மாறியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டேதான் போனாள்.

தானியேலைச் சாயங்காலம் கரைமேலிருந்து தூக்கிவந்து போட்டார்கள்.

எட்டாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவன் அவள் காலடியில் வந்து உட்கார்ந்தான். அன்றைக்கும் குடித்திருந்தான்.

"மேரி, புள்ள கடைசியா எதுனா சொன்னானா?"

அவனை எதைக்கொண்டு அடிப்பது என்று எட்டு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையைக்கூட ஒருதரம் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவனே கொண்டுவந்து கையில் கொடுத்தான்.

"சொன்னான்," என்றாள். "ஆனா உங்கிட்ட சொல்ல மாட்டேன். நீ சாவற வரிக்கும் சொல்ல மாட்டேன்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, இது போதும் என்று தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் குடித்தான். பிள்ளை செத்தபோது நிற்காத குடி, தன் வாயில் ரத்தம் வந்தபோது நின்றது. அதை அவள் மறக்கவில்லை. தெளிந்த பிறகு, தான் கெடுத்தவர்களையெல்லாம் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டான். அப்படிச் செய்யச் சொல்லிக் குழுவில் ஒரு வழிமுறை இருந்ததாம். அக்காவிடம் கேட்டான், சர்ச் சாமியாரிடம் கேட்டான், ஒருதரம் போதையில் மண்டையை உடைத்த பம்ப்செட்டுக்காரரிடம்கூடக் கேட்டான். கையில் நாலாக மடித்த காகிதத்தோடு அவளிடமும் வந்தான். அவள் முறத்தை உதறிக்கொண்டு எழுந்து போனாள். ஒவ்வொரு ஜூலையிலும் ஒருமுறை, சூசையின் கல்லறையைக் கழுவிவிட்டு வந்து, அந்த ஒரே கேள்வியைக் கேட்பான். ஒவ்வொரு ஜூலையிலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் அவன் மூச்சு மாறியது. ஏஞ்சல் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். தானியேல் விரலை அசைத்துப் பாக்கியமேரியைக் கூப்பிட்டான்.

"மேரி. இன்னிக்காவது சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"சூசை இன்னா சொன்னான்?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குனிந்து அவன் காதருகே முகத்தைக் கொண்டுபோனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். இந்த நேரத்துக்காக எத்தனையோ வார்த்தைகளை அவள் சேர்த்து வைத்திருந்தாள். 'நைனா எங்கன்னு கேட்டான்' என்று சொல்லலாம். 'நைனா வேணான்னு சொன்னான்' என்று சொல்லலாம். உண்மையில் சூசை எதையும் சொல்லவில்லை. மத்தியானம் இழுப்பு வந்ததிலிருந்து அவன் வாய் திறக்கவே இல்லை. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். முடியக்கூடாது.

"கஞ்சி குடிக்கிறியா?" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். வேண்டாமென்று தலையை மெல்ல அசைத்தான். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோது அவன் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வந்ததால் அடக்கம் மூன்று மணிக்கு நடந்தது. பாக்கியமேரி அழவில்லை. துக்கத்தில் இறுகிப்போய்விட்டாள் என்று சனம் பேசிக்கொண்டது. தங்கமான மனுஷன், திருந்தின மனுஷன், எத்தனை பேரைக் கரையேற்றினான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மண் தள்ளி முடிந்ததும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக ஓர் ஆள் முன்னால் வந்தார். தாம்பரத்திலிருந்து சிநேகிதனின் காரை எடுத்துக்கொண்டு வந்திருப்பதாகவும், பெயர் புருஷோத்தமன் என்றும் ஏஞ்சல் காலையில் சொல்லியிருந்தாள். அந்தக் குழுவில் தானியேலுக்கு அடுத்த பொறுப்பு அவருக்கு. நிமிஷத்துக்கொரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாக்கியமேரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணி, எங்க ஆளுங்க எழுதி அனுப்பினத ரெண்டு நிமிஷம் படிச்சிடறேன்."

சாமியார் தலையசைத்தார். புருஷோத்தமன் சட்டைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பிரித்தார்.

"மலேசியா சிரம்பான்ல இருந்து சடையப்பன். 'தானியேல் அண்ணன் என்னை என் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்...'"

"நிறுத்து," என்றாள் பாக்கியமேரி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் குழிமேட்டைத் தாண்டி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவன் புள்ளைங்கள திருப்பிக் குடுத்தானா? எம் புள்ள எங்கன்னு தெரியுமா உங்களுக்கு? அதோ, அந்தச் சின்னக் குழி. கார் கூட்டியான்னு அனுப்புனேன். சாராயம் குடிச்சிட்டுக் கரைமேல படுத்துக்கினான் உங்க அண்ணன். இத்தயும் அந்தக் காயிதத்துல எழுதிக்கினு போயிப் படி."

பதினாறு வருஷமாக ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். புருஷோத்தமன் காகிதத்தைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று அவள் பார்த்திருந்தாள். வரவில்லை.

"தெரியும் அண்ணி. எங்க எல்லாருக்கும் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"சூசை பத்தி. புதுசா யார் வந்தாலும் அண்ணன் மொதல்ல அதத்தான் சொல்வாரு. கரைமேல எந்த எடத்துல சைக்கிள சாத்தினாரு, எத்தன கிளாஸ், எல்லாம் சொல்வாரு. ஒருதரம்கூட தன் பக்கம் நியாயம் பேசினது கெடயாது."

கூடப்பிறந்தவளிடம்கூடப் பாக்கியமேரி அந்த நாளைப்பற்றிப் பேசியதில்லை. சேலை மடிப்புக்குள் வைப்பதுபோல வைத்திருந்த தன் பிள்ளையின் சாவை, தானியேல் பஜாரில் உட்கார்ந்து ஏழு தேசத்துக்குச் சொல்லியிருக்கிறான்.

"இன்னொண்ணும் சொல்வாரு," என்றார் புருஷோத்தமன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தே சொன்னார். "'எம் புள்ள கடைசியா சொன்னது எம் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். அவ சொல்லல. சொல்லாதது சரிதான். ஆனா என்னிக்காவது ஒருநாள் சொல்லுவா. அன்னிக்கு நான் தெளிவா இருக்கணும், போதையில கேக்கக்கூடாது. அதுக்காவவே இன்னிக்கு ஒருநாள் குடிக்கல'ன்னு சொல்வாரு. அதக் கேட்டுட்டு எத்தனையோ பேரு குடிய நிறுத்தினாங்க அண்ணி. நானே அப்படி நிறுத்தினவன்தான்."

அவள் அந்தப் புது மண்ணைப் பார்த்தாள். அவன் வெந்து சாக வேண்டும் என்று அவள் மூட்டிய நெருப்பு அது. அவன் அதில் ஏழு வருஷம் குளிர்காய்ந்திருக்கிறான். ஊரானையும் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறான்.

"உங்க கூட்டம் எப்போ?"

"இன்னிக்குத்தான் அண்ணி, ஆறரைக்கு. உத்திரமேரூர்லயே உக்காந்து நான் நடத்தலாம்னு..."

"நானும் வர்றேன். ஏஞ்சலு, நீயும் வா."

தானியேலின் அக்கா சிட்டம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி இது, மண்ணு ஈரங்கூட காயல. இன்னிக்கி வாசப்படி தாண்டலாமா? சனம் இன்னா சொல்லும்?"

"சொல்லட்டும்," என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

காரில் ஏஞ்சல் அம்மாவைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக வந்தாள். பாக்கியமேரி மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் கும்பிடுகிற ஆளை அவர்கள் கண்ணெதிரே உடைக்க வேண்டும். உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துப் படுத்துவிட வேண்டும்.

பஜாரில் செல்போன் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே, மாடிப்படி ஏறினால் வஹாப்பின் பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்புகளுக்குள் ஆறு கம்ப்யூட்டர்கள். அவர்களைப் பார்த்ததும் வஹாப் எழுந்து நின்றார். பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவனை, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, மூலையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அண்ணன் இங்கதாம்மா உக்காருவாரு. நேத்தே சேதி வந்துச்சு. அடக்கத்துக்கு வரணும்னுதான் இருந்தேன், கடையில ஆள் இல்லாம போச்சு."

ஏஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்தாள். புருஷோத்தமன் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டார். பாக்கியமேரி மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். திரையில் ஒரு ஓரமாகப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின.

"முப்பத்தெட்டு பேரு," என்றார் புருஷோத்தமன். "எப்பவும் இருபதத் தாண்டாது."

அவர் கூட்டத்தைத் திறந்தார். தானியேல் அண்ணனை மூன்று மணிக்கு அடக்கம் செய்தோம் என்று எழுதச் சொன்னார். பிறகு, அண்ணனின் மனைவி இங்கே வந்திருக்கிறார், நம்மிடம் பேச விரும்புகிறார் என்று எழுதச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணி. ஏஞ்சல் டைப் அடிக்கும்."

"எழுது," என்றாள். "எம் பேரு பாக்கியமேரி. தானியேலு பொண்டாட்டி. சூசையோட அம்மா."

ஏஞ்சலின் விரல்கள் ஓடின.

"எம் புள்ள கடைசியா ஒண்ணும் சொல்லல. மத்தியானத்துலருந்து அவனுக்கு நெனவே இல்ல. நான் சொன்னது பொய்யி."

விரல்கள் நின்றன. ஏஞ்சல் திரும்பி அண்ணாந்து பார்த்தாள். "ம்மா. நெசமாவா?"

"எழுது."

"நைனா எங்கிட்டக்கூட கேட்டுக்கினு இருந்தாரும்மா. அம்மா உங்கிட்டயாவது சொல்லிச்சான்னு."

"எழுதுன்றேன்."

ஏஞ்சல் எழுதினாள். புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆளு உயிரோட இருக்கும்போதே வேகணும்னு அப்பிடிச் சொன்னேன். வெந்தான். நேத்து சாவற நேரத்துலயும் கேட்டான். வாயத் தெறக்கல நானு. நீங்க சாமி மாதிரி கும்புட்டுக்கினு கீறீங்களே, அந்த ஆளு தெளிஞ்சி நின்னது இல்லாத ஒரு பேச்ச நம்பி. நீங்களும் அத்த நம்பித்தான் நின்னுக்கினு கீறீங்க. இப்ப போயிக் குடிக்கிறதுன்னா குடிங்க. அவ்ளோதான். அனுப்பு."

ஏஞ்சல் முழுவதையும் அடித்தாள். ஓர் எழுத்தையும் விடவில்லை. அனுப்பிவிட்டுக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

திரை அசையாமல் இருந்தது. கீழே பஜாரில் லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. அவர்கள் திட்டுவார்கள், அல்லது ஒவ்வொருவராக எழுந்து போவார்கள் என்று பாக்கியமேரி எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் தயாராக முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு வரி வந்தது.

"இன்னா வந்துது? திட்றாங்களா?"

"'நன்றி பாக்கியமேரி'ன்னு போட்டிருக்காங்க," என்றாள் ஏஞ்சல். "சிரம்பான் சடையப்பன்."

"நன்றியா? எதுக்கு?"

இன்னொரு வரி வந்தது. இன்னொன்று. மளமளவென்று வரத் தொடங்கின.

"எங்க வழக்கம் அண்ணி," என்றார் புருஷோத்தமன். "இங்க யாரு எதச் சொன்னாலும் பதில் சொல்லக்கூடாது. சரி தப்பு பேசக்கூடாது. சொன்னவங்க பேர எழுதி நன்றி மட்டும் சொல்லணும். அண்ணன் மொததடவ சூசை பத்தி சொன்னப்பவும் இதத்தான் சொன்னோம்."

"நான் உங்காளு இல்ல. நானா குடிச்சேன்?"

"இல்ல அண்ணி."

"அப்போ எனுக்கு ஏன் சொல்றாங்க? நிறுத்தச் சொல்லு."

ஏஞ்சல் படித்துக்கொண்டே போனாள். அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல் இருந்தது.

"நன்றி பாக்கியமேரி, ராஜாராம். நன்றி பாக்கியமேரி, கிருஷ்ணசாமி. நன்றி பாக்கியமேரி, லுக்மான். நன்றி பாக்கியமேரி, மலர்க்கொடி."

"பொம்பளயா?"

"ஆமா. சிங்கப்பூர்ல வூட்டு வேல செய்யறாங்களாம். நைனா சொல்லியிருக்காரு."

பாக்கியமேரி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவள் மேரி. காலனியில் ஏஞ்சல் அம்மா. ரேஷன் கார்டில் தானியேலின் மனைவி. அவள் முழுப்பெயரை இத்தனை பேர் சேர்ந்து சொல்லி அவள் கேட்டதில்லை.

"நன்றி பாக்கியமேரி, பம்பாய்..."

மின்விசிறி தொய்ந்தது. திரை பட்டென்று இருண்டது. ஆறு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டு அடங்கின. கீழே பஜாரில் கடைக்காரர்கள் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

வஹாப் மெழுகுவத்தியைக் கொளுத்தி மேசைமேல் நட்டார். "யூபிஎஸ் பேட்டரி போயி ஒரு மாசம் ஆவுதும்மா. இனிமே ஏழே முக்காலுக்குத்தான் கரண்டு வரும். நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க. துக்க வூட்டுல தேடுவாங்க."

புருஷோத்தமன் எழுந்து கார்ச் சாவியைத் தடவி எடுத்தார். ஏஞ்சலும் எழுந்துகொண்டாள்.

"எத்தன பேரு சொன்னாங்க?" என்று கேட்டாள் பாக்கியமேரி.

"பத்து, பன்னெண்டு பேரு இருக்கும்," என்றார் புருஷோத்தமன்.

"முப்பத்தெட்டுன்னியே."

பாக்கியமேரி பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்தாள். இருண்ட திரைக்கு எதிரே போட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.